கதவைத் தொட்ட கைப்பட்டை

நாள் 212. காலை 9.10
செவ்வாய்ச் சுற்றுக்கலம். எழுதுபவள் மருத்துவர் சூடாமணி. இங்கே நான் மட்டும்தான். கீழே பனிச்சுரங்கத்தில் பதினோரு கர்ப்பிணிகள். கைப்பட்டை பரிசோதனை அறைக் கதவைத் தொட்டால் ஒரு வருகை. வருகைகளை எண்ணி, கவனிப்பு போதுமா என்று மதிப்பெண் போடும் முறையை வகுத்ததும் நான்தான். இன்று எல்லோருக்கும் நூறு. சுரங்க மேலாளர் ஞானசிகாமணி நன்றி அனுப்பியிருக்கிறார். அந்த ஆளுக்கு நன்றி சொல்லவும் தெரிந்திருக்கிறது.

நாள் 213. காலை 11.40
நேரங்களைப் பார்த்தேன். பதினோரு பேரும் ஒரே நிமிடத்தில் வந்திருக்கிறார்கள். உள்ளே ரத்த அழுத்தக் கருவி ஐந்து மாதமாக யார் கையிலும் சுற்றப்படவில்லை. அதை நான் எண்ணவில்லை. கதவை எண்ணினேன். புத்தி கெட்டவள்.

நாள் 213. பகல் 2.05
துளைப்பொறி ஓட்டும் தெய்வக்கனி, எட்டாம் மாதம், கீழிருந்து பேசினாள்:
"டாக்டரம்மா, அந்த ரூமுக்குள்ள நான் ஒருநாளும் போனதில்ல. வேலை நின்னுரும்னு எங்க பட்டைய எல்லாம் மேஸ்திரி வாங்கிட்டுப் போயி கதவுல தொட்டுட்டு வருவாரு. கால் வீங்கிக் கெடக்கு. தல வலிக்கி. நேத்துலேருந்து கண்ணு மங்குது."
அழுத்தம் தலைக்கேறிவிட்டது. உடனே குழந்தையை வெளியே எடுக்க வேண்டும்.

நாள் 213. பகல் 2.30
நான் கீழே போக வேண்டிய இறங்குகலம் பூட்டியிருக்கிறது. மதிப்பெண் 'போதாது' என்றால்தான் திறக்கும். அவளுக்கு ஒன்பது வருகை: 'போதுமானது'. மாற்றிப் பார்த்தேன், ஏற்கவில்லை. யாரும் திருத்தக் கூடாதென்று பூட்டுப் போட்டவளும் நான்தான்.
அவளைப் பொறியிலிருந்து இறக்கச் சொல்லி மேலாளரிடம் கத்தினேன். பதில்:
"ஷிப்ட் ஆறு மணிக்கு முடியுது, டாக்டர். உங்க கணக்குப்படி அவ நல்லாத்தானே இருக்கா."
நாசமாய்ப் போகிறவன்.

நாள் 213. மாலை 4.50
பூட்டை இரும்புக் கம்பியால் நெம்புகிறேன். விரல் கிழிந்துவிட்டது. கீழிருந்து ஒரு பெண் குரல்: "கனிக்கு வெட்டி வெட்டி இழுக்கு." பிறகு அழுகை மட்டும்.

நாள் 213. மாலை 5.20
தெய்வக்கனி இறந்துவிட்டாள். பிள்ளையும்.

நாள் 213. மாலை 6.00
பூட்டு உடைந்தது. இறங்குகிறேன். இன்னும் பத்துப் பேர். இதை எடுப்பவரே, கதவை நம்பாதீர்கள், உள்ளே போய்

நாள் 213. மாலை 6.01. தானியங்கிப் பதிவு
தெய்வக்கனி. பத்தாவது வருகை. கவனிப்பு: போதுமானது. மதிப்பெண்: நூறு.