வேண்டுதல் தாடியும் பல்வலியும்

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்னை வேவு பார்த்த என் அண்ணிக்கு,

வேலூரில் மெஸ் அடுப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரமெல்லாம் கழுவியாகிவிட்டது. மெஸ்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். யாருக்குக் கடிதம் என்று தெரிந்தாக வேண்டுமாம் அவருக்கு. போன வாரம் செத்துப்போன அண்ணிக்கு என்றால் பைத்தியம் என்று வேலையை விட்டு அனுப்பிவிடுவாரோ என்று, கிராமத்து நிலத்து விஷயம் என்று சொல்லிவைத்தேன். வாயில் வந்த பொய்யைக் கூசாமல் சொல்வது நம் வீட்டில் பழகியதுதானே?

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்திருந்ததா, தெரியாதா? எதைக் கேட்கிறேன் என்பது போகப்போகப் புரியும். நீங்கள் என்னிடம் பாதியை மறைத்தீர்கள், நான் உங்களிடம் பாதியை மறைத்தேன். அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கீழ்பென்னாத்தூரிலிருந்து மருமகளாக வந்தபோது அம்மா போய்ச் சேர்ந்து வெகுநாளாகியிருந்தது. வீட்டில் அண்ணனும் நானும்தான். சின்னக்கடைத் தெருவில் அவருக்கு வாடகை சைக்கிள் கடை. கடையில் பேசுவதில் கால்வாசிகூட வீட்டில் பேசமாட்டார். என்னை அவருடைய தம்பி என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. உங்கள் கழுத்தில் தாலி ஏறும்போது பக்கத்தில் நின்று விளக்குப் பிடிக்க மாப்பிள்ளைக்குத் தங்கை இல்லையே என்று, போளூரிலிருந்து ஒரு சித்தப்பா மகளை அழைத்து வந்தார்கள். அவள் விளக்கைக் கோணலாகப் பிடித்து உங்கள் முந்தானையில் எண்ணெயைச் சிந்தினாள். நான் தூணோரம் நின்று வயிறெரிந்தேன். தங்கச்சி இங்கேதானே நிற்கிறாள் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அப்புறம்தான் அந்த டாக்டர் விஷயம். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறைகளில் தங்குகிற வெள்ளைக்காரர்களுக்கு நான் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர்களில் ஒரு நர்ஸ் அம்மாள் என்னைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டாள். அவள் விசாரித்துச் சொன்ன டாக்டரைப் பார்க்கத்தான் முதல்முதலாக மெட்ராஸுக்குப் போனேன். ஆபரேஷன் செய்து என் உடம்பைப் பெண்ணுடம்பாக ஆக்க முடியும் என்றார். ஆனால் கத்தி வைக்கப்போகிற இடத்தில் முடி வேரோடு போயிருக்க வேண்டும், விட்டுவிட்டால் பின்னால் உள்ளுக்குள்ளேயே வளர்ந்து தொல்லை கொடுக்கும் என்றார். முகத்தையும் கையோடு பார்த்துக்கொள் என்றார். அதெல்லாம் முடிகிறவரை கத்தியைத் தொடமாட்டாராம். இவர் என்னை வைத்து வித்தை பழகப் பார்க்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். இருந்தாலும் அவரை விட்டால் எனக்கு வேறு கதி?

தி.நகரில் ஒரு மாடியில் பியூட்டி பார்லர். அங்கே ஒரு அம்மாளிடம் கரண்டில் ஓடுகிற ஊசி மெஷின் இருந்தது. ஒவ்வொரு முடியின் வேரிலும் ஊசியை விட்டு, கரண்டைக் கொடுத்து, முடியை உருவி எடுப்பாள். ஒரு தடவைக்கு ஒரே முடி. எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும் என்றாள். எந்த ஊர் எறும்போ! முகம் முடிந்ததும் கதவைத் தாழ்போட்டு, திரையை இழுத்துவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் மற்ற இடத்து வேலையைப் பார்ப்பாள். நான் அழுதால் மட்டும் நிறுத்துவாள். திரும்பத் திரும்ப வரவழைக்க வேண்டுமென்றே வேரை விட்டுவைக்கிறாளோ என்று அவள்மேலும் எனக்குச் சந்தேகம்தான்.

இதில் ஒரு கூத்து இருந்தது. சவரம் செய்த முகத்தில் ஊசிக்கு வழி தெரியாது. முடி கொஞ்சம் வளர்ந்து நிற்க வேண்டும். முடியே வேண்டாம் என்பவள் மாதாமாதம் தாடி வளர்த்துக்கொண்டு ஊரில் திரிய வேண்டியிருந்தது. நல்லவேளை, நம் ஊர் கோயில் ஊர். மலையைப் பார்த்துக் கையைத் தூக்கி "வேண்டுதல்" என்று சொல்லிவிட்டால் எவனும் மேலே கேட்கமாட்டான். நீங்கள்தான் கேட்டீர்கள். சோற்றைப் போட்டுவிட்டு, கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு.

"ஏம்பா, அப்பிடி இன்னா வேண்டுதல் அது, மாசா மாசம் முடியறதும் மறுபடி ஆரம்பிக்கறதும்?"

நான் மோர் கேட்டேன். அண்ணன் தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? ஆபரேஷனுக்கு முன்னால் அண்ணனுக்குத் தெரிந்தால் என்னை அறையில் போட்டுப் பூட்டிவிடுவார், எனக்குக் கிடைக்கப்போகிற ஒரே வழியும் அடைபட்டுவிடும் என்று நடுங்கினேன். அவரிடம் போய்ச் சொல்லக்கூடிய ஆள் நீங்கள்தான். நீங்கள் என் சட்டையை மோந்து பார்ப்பீர்கள், பையில் கிடந்த பஸ் டிக்கெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பீர்கள். மெட்ராஸில் நான் எவளையோ வைத்திருக்கிறேன் என்பது உங்கள் கணக்கு. என் தாடையில் ஊசி பட்ட சிவப்புப் புள்ளிகளைப் பார்த்து, அவள் நகம் வைத்துக் கிள்ளுகிறாளா என்றுகூடக் கேட்டீர்கள்.

அந்த நேரத்தில்தான் என் முள்வாங்கி காணாமல் போனது. நர்ஸ் அம்மாள் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன சீமை முள்வாங்கி. நுனி அவ்வளவு சன்னம். பிடுங்கவே கூடாது, பிடுங்கினால் ஊசிக்கு வேலை கெட்டுப்போகும் என்று பார்லர் அம்மாள் திட்டியதால் பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். டப்பா இருந்தது, முள்வாங்கி இல்லை. எடுத்தது நீங்கள்தான் என்று அடித்துச் சொல்வேன். நாளைக்கு அண்ணன் முன்னால் சாட்சியாக வைக்கப்போகிறீர்கள் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் அவர் கடையைப் பூட்டி வருகிற சத்தம் கேட்டால் எழுந்து நின்றுவிடுவேன். வருவார், கை கழுவுவார், உட்காருவார். ஒன்றும் கேட்கமாட்டார். அதுவே எனக்கு ஜாஸ்தி பயத்தைக் கொடுத்தது.

அடுத்த தடவை நான் கிளம்பும்போது நீங்களும் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றீர்கள். உங்களுக்குப் பல்வலியாம். மெட்ராஸில் நல்ல பல் டாக்டர் இருக்கிறாராம். ஒரு வாரமாகவே முந்தானையைத் தாடையில் சுற்றிக்கொண்டு அலைந்தீர்கள், ஆனால் முறுக்கு மட்டும் கடித்துக்கொண்டிருந்தீர்கள். பல்வலிக்காரி முறுக்குத் தின்பாளா? என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வருகிறீர்கள் என்று தெரிந்துபோனது. செஞ்சி, திண்டிவனம் வரைக்கும் உங்களை எங்கே தொலைக்கலாம் என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். நீங்கள் என் சட்டை நுனியை விடவேயில்லை.

கடைசியில் பார்லர் மாடிப்படியில் வைத்துச் சொல்லிவிட்டேன். நான் ஆம்பளை இல்லை அண்ணி, எப்போதுமே இல்லை, இங்கே முடியெடுக்க வருகிறேன், முடிந்ததும் ஆபரேஷன், அண்ணனிடம் சொல்வதென்றால் இப்போதே போய்ச் சொல்லுங்கள் என்று. நீங்கள் படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். பிறகு முந்தானையை அவிழ்த்தீர்கள். உங்கள் தாடையின் கீழே கறுப்பாக மூன்று நான்கு முடி நின்றுகொண்டிருந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடியே இருக்குது. விடியறதுக்குள்ள எழுந்து பிடுங்கிடுவேன். உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா அசிங்கம்னு. உன் முள்ளுவாங்கிய எடுத்தது நான்தான். நீ அதை எங்கியோ மெட்ராஸ்ல சரி பண்ணிக்கினு வரேன்னு தெரிஞ்சிது. அதான் வளர்த்துக்கினு வந்தேன்."

நான் சிரித்தேனா, அழுதேனா? இரண்டும்தான். நான் சொன்னதில் உங்களுக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் தாடையில் ஊசி குத்தும்போது என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். இவங்க உங்களுக்கு என்ன வேணும் என்று பார்லர் அம்மாள் உங்களைக் கேட்டாள். தாடையை அசைக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு, "என் நாத்தனாருங்க" என்றீர்கள். எங்கள் வம்சத்தில் அப்படி ஒரு ஆள் இருப்பதை முதலில் சொன்ன வாய் உங்கள் வாய்தான்.

அதற்கப்புறம் நம் வீட்டில் எனக்கு வேண்டுதல், உங்களுக்குப் பல்வலி. அண்ணன் இரண்டையும் கேட்டுக்கொண்டார்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. டாக்டர் சரி என்று நாள் கொடுத்தார். அதற்கு முந்தின நாள் காலையில் ஊரிலிருந்து கிளம்பினேன். பஸ் எடுக்கிற நேரத்தில் பஸ் ஸ்டாண்டு டீக்கடைப் பக்கம் அண்ணன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். என்னை இழுத்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று சீட்டுக்கு அடியில் குனிந்துவிட்டேன். பஸ் ஊரைத் தாண்டியும் தலையைத் தூக்கவில்லை. நீங்கள்தான் போட்டுக் கொடுத்தீர்கள் என்று நினைத்தேன். பிறகு வேலூருக்கு என்னைப் பார்க்க வந்தபோது கேட்டதற்கு, "மலை மேல சத்தியமா நான் சொல்லல" என்றீர்கள். நான் நம்பவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஊருக்குத் திரும்பவில்லை, வேலூரில் இந்த மெஸ்ஸில் சமையல் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அண்ணன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். நீங்கள் மட்டும் பல்வலி என்று வேலூர் ஆஸ்பத்திரிக்கு வருவீர்கள். ஊசிக்குத் தப்பி மறுபடி முளைத்த ஒன்றிரண்டை மெஸ் கொல்லைப்புறத்தில் வைத்து நான் பிடுங்கிவிடுவேன். அங்கேதான் என்னிடம் சத்தியம் வாங்கினீர்கள். "நான் செத்துக் கெடக்கும்போது தாடையில ஒண்ணு தெரியக் கூடாது. ஊரே குனிஞ்சி பாக்கும். நீதான் வந்து பாத்துக்கணும்."

தந்தி வந்ததும் ஓடிவந்தேன், அண்ணி. வயிற்றில் கட்டி வந்து மூன்று மாதமாகப் படுக்கையில் கிடந்தீர்கள் என்பதே எனக்குத் தெரியாது. இடுப்பில் ஒரு முள்வாங்கியைச் செருகிக்கொண்டு பந்தலுக்கு வந்தேன். ஆண்கள் பக்கம் உட்காரவா, பெண்கள் பக்கம் உட்காரவா என்று எல்லாரும் பார்த்தார்கள். அண்ணன் பந்தக்கால் ஓரம் நின்றார். போ என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜெயந்திதான், அத்தே என்று கூப்பிட்டு, என் கையைப் பிடித்து உங்களிடம் கூட்டிப்போனாள். உங்கள் மகளுக்கு உங்கள் பிடிதான்.

மஞ்சள் பூசுகிற சாக்கில் குனிந்து தாடையைத் தடவினேன். ஒரு முடியில்லை. மூன்று மாதம் படுத்துக் கிடந்தவர் தாடை அப்படி இருக்காது. யார் பார்த்தது என்று ஜெயந்தியைக் கேட்டேன்.

"அப்பாதான் அத்தே. வாரா வாரம் ஜன்னலாண்ட சாய வெச்சி, அவரே எடுப்பாரு. அம்மா கண்ண மூடிக்கினு இருக்கும்."

குளியலறை மாடத்தில் அண்ணனுடைய சவரச் சாமான் இருந்தது. ரேசருக்குப் பக்கத்தில் என் சீமை முள்வாங்கி. எனக்குத் தந்தி கொடுத்தது யார் என்று கேட்டதற்கும் அவள் அப்பாதான் என்றாள். மெஸ் விலாசத்தை அவரிடம் யார் சொன்னது?

இதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். அவருக்கு எல்லாம் தெரியும் என்று உங்களுக்குத் தெரியுமா? எப்போதிருந்து தெரியும்? உங்கள் தாடையில் இரண்டு முடியைக் கண்டுபிடித்த மனுஷன், எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட என் தாடையையா பார்க்காமல் இருந்திருப்பார்? அப்படியென்றால் அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் என்னை இழுத்துப்போக வந்தாரா, வழியனுப்ப வந்தாரா? இரண்டாவது என்று நினைத்தால் அழுகை வருகிறது. முதலாவது என்று நினைத்துக்கொண்டிருந்த வருஷங்களை என்ன செய்வது? பந்தலில் ஏன் முகத்தைத் திருப்பினார்? வெட்கமா, அழுதாரா? நீங்கள் செய்த சத்தியத்தை நம்பாததற்காக மட்டும் என்னை இரண்டு வார்த்தை திட்டிவிடுங்கள்.

சந்தேகப்படுகிற புத்தி என்னை விட்டுப் போகாது. அதற்கு எந்த ஊசியும் கிடையாது. ஆனால் உங்கள் காரியத்துக்கு ஊருக்கு வரப்போகிறேன். யாரும் கூப்பிடவில்லை, இருந்தாலும் வருவேன். உங்கள் படத்துக்கு முன்னால் வைக்கிற விளக்கை நான்தான் ஏற்றுவேன். எண்ணெய் சிந்தமாட்டேன். அண்ணனிடம் அன்றைக்கு எதுக்கு வந்தீங்க என்று நேராகவே கேட்பேன். அவர் பதில் சொல்லாவிட்டால் பரவாயில்லை. திரும்பும்போது ஜன்னலோரம் உட்காருவேன். டீக்கடைப் பக்கம் அவர் நின்றால், சத்தியமாகச் சொல்கிறேன் அண்ணி, இந்தத் தடவை குனியமாட்டேன்.

உங்கள் ஒரே நாத்தனார்,
வசந்தா