நூறு முட்டை ஹெல்மெட்

மாப்பிள்ளை,

இன்று காலை நாமக்கல் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். சட்டையெல்லாம் கோழித் தீவன வாசம். மக்காச்சோளமும் கருவாட்டுத் தூளும் கலந்த அந்த நெடிக்கு மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். மூவுலகிலும் இதைவிட உயர்ந்த அத்தர் இல்லை என்பதுபோல் நான் இழுத்து இழுத்து மூச்சு வாங்கினேன். பண்ணை வேலை முடிந்து நீங்கள் வீடு திரும்பும் வாசம் அது. அந்த மனிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

முன்சீட்டில் என் தங்கச்சி, உங்கள் பூங்கொடி. இன்று உங்கள் வழக்கில் தீர்ப்பு. அது என்னவென்று பிறகு சொல்கிறேன். முதலில், முன்பொரு நாள் நான் சாட்சிக் கூண்டேறிய காவியத்தைக் கேளுங்கள்.

சர்வீஸ் ரோட்டில் தப்பான திசையில் எதிரே வந்த கார் உங்கள் வண்டி மேல் மோதியதை, பின்னால் மொபெட்டில் வந்த நான் பார்த்தேன். வேறு சாட்சி இல்லை. பூங்கொடி இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டாள். உங்கள் தலையில் ஹெல்மெட் இல்லை, அதனால் சாவுக்கு நீங்களும் பொறுப்பு என்றது இன்சூரன்ஸ் தரப்பு. அப்படி முடிவானால் இழப்பீட்டில் ஒரு பகுதி போகும், உங்கள் மகள் பாப்பாவின் படிப்பு பாதியில் நிற்கும். பூங்கொடியை அரித்தது வேறு. “செத்தவங்க மேலயும் தப்புன்னு எழுதிருவாங்களாண்ணா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

எங்கள் வக்கீலம்மா என்னை முன்கூட்டியே எச்சரித்தார். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. உங்க கதையெல்லாம் டீக்கடையோட நிக்கட்டும்.”

நிற்கவில்லையே! எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

“ஊர்ல உங்களை எப்படிக் கூப்புடுவாங்க?”

“ஆகாசப் புளுகன்னுங்க.”

கோர்ட்டே சிரித்தது. பூங்கொடி சிரிக்கவில்லை.

“ஹெல்மெட்டுக்குள்ள நூறு முட்டைய வெச்சு, வெறுந்தலையோட, சூறாவளி மாதிரி உங்க மாப்பிள்ளை வண்டி ஓட்டுன கதை. ஒரு முட்டைகூடக் கீறல் விழலையாம். புதுச்சத்திரத்துல கேக்காத ஆளே இல்லை. சொன்னது நீங்கதானே?”

“நானேதானுங்க.”

“அப்ப அவருக்கு ஹெல்மெட் போடற பழக்கம் இல்லை. சரிதானே?”

மாப்பிள்ளை, எமனையே திண்ணைப் பேச்சில் மடக்குவேன் என்று மார்தட்டியவன் நான். என் கதையே என்னை மடக்கிவிட்டது. வக்கீலம்மா பேனாவை மூடினார்.

“நூறில்லைங்க, ஏழெட்டு முட்டைங்க,” என்றேன். “முட்டை அட்டை மழையில நனைஞ்சு கிழிஞ்சுபோச்சு. ஹெல்மெட்டுல வெச்சு ஹேண்டில்ல மாட்டிக்கிட்டாருங்க. ஆனா வண்டிய ஓட்டலைங்க. வீடு வரைக்கும் தள்ளிட்டே வந்தாருங்க. ஏறுங்க மாப்பிள்ளைன்னேன். ‘தலைக்கு மாட்டறதுல முட்டைய வெச்சாச்சு மச்சான், இனி காலுதான் வண்டி’ன்னாருங்க. தள்ளிட்டு வந்தாருன்னு சொன்னாக் கதை எடுபடாதுன்னு, ஓட்டுனாருன்னு நாந்தான் கட்டிவுட்டேன்.”

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். வக்கீல் விடவில்லை.

“அது அன்னைக்கு. விபத்து நடந்தப்ப தலையில இருந்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க? போலீஸ் எழுதுனதுல ஹெல்மெட்டே இல்லையே?”

பூங்கொடி எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். அதற்கான பதிலை அவளுக்கு நான் அதுவரை சொன்னதில்லை. ஹெல்மெட் போட்டிருந்தார் என்ற ஒற்றை வாக்கியத்தோடு எல்லோரிடமும் தாண்டிப் போயிருந்தேன்.

“வாரை அவுத்தது நானுங்க,” என்றேன். “மூச்சு இழுக்கச் செரமப்பட்டாருங்க. தாடைக்குக் கீழ கொக்கி இறுகிக் கெடந்துச்சு. என் கை வழுக்கிட்டே இருந்துச்சுங்க. அவுத்து ரோட்டோரம் வெச்சுட்டு அவரோட ஆம்புலன்ஸ்ல ஏறிட்டேன். திரும்பி வந்து பாக்கறப்ப ஹெல்மெட்டைக் காணலைங்க.”

“வாரை அவுக்க எவ்வளவு நேரம் ஆச்சு?”

ஒரு யுகம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“தெரியலைங்க.”

வக்கீல் அதற்குமேல் கேட்கவில்லை. பூங்கொடி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே போனாள். அன்று முதல் இன்று வரை அவள் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்று தீர்ப்பு வாசித்தார்கள். முழுத் தவறும் கார்க்காரருடையது. உங்கள் மேல் ஒரு பழியும் இல்லை, மாப்பிள்ளை. பாப்பா படித்துவிடுவாள்.

கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் பூங்கொடி நின்றாள்.

“ஏனுங்ணா, ஆம்புலன்ஸ்ல கடைசியா அவுங்க ஏதாச்சும் சொன்னாங்களா?”

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்து, நீங்கள் கண்மூடிய வாரத்திலிருந்தே பதில் ஜோடித்து வைத்திருந்தேன். கல்லும் கரையும் வசனங்கள். அவள் பெயர், பாப்பா பெயர், எல்லாம் இருந்தன. தொண்டை வரை வந்தன.

“ஒன்னுஞ் சொல்லலை சாமி,” என்றேன். “பேச முடியல அவரால. என் சட்டையக் கெட்டியாப் புடிச்சுட்டே வந்தாரு. ஆஸ்பத்திரியில நர்ஸம்மாதான் வெரலைப் பிரிச்சு எடுத்தாங்க.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். திரும்பும் பஸ்ஸில் ஒரே கூட்டம், நின்றுகொண்டுதான் வந்தோம். பிடிக்கக் கம்பி இருந்தும், அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். புதுச்சத்திரம் வரும்வரை விடவில்லை.

வீடு வந்து சேர்ந்த பின்னும் இரண்டு பிடியும் என் மேல் இருக்கின்றன. கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன், மாப்பிள்ளை.