முதல் சம்பளப் பொங்கல்

சமயநல்லூர்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் பாண்டீஸ்வரி எழுதுவது. நானும் நம் மகள் தமிழ்வாணியும் சுகம். நாக்பூர் வெயிலில் முறுக்குச் சட்டி முன்னால் நிற்கிறீர்களே, உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா? போன் இருக்கக் கடிதம் எதற்கென்று நினைப்பீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் பாதியிலேயே பொய் சொல்லிவிடுவேன், அதனால்தான்.

வீட்டிலிருந்தே பென்சில் பேக்கிங் செய்ய வேலை தந்த ஆரப்பாளையம் கம்பெனி பூட்டிக் கிடக்கிறது. போனையும் அணைத்துவிட்டார்கள். நாம் முன்பணமாகக் கட்டிய மூவாயிரம் போகட்டும். நம் தெருவில் பதினோரு பெண்கள் அதே மாதிரி கட்டியிருக்கிறார்கள்.

கம்பெனிக்காரன் நம் தெருவில் ஒரு நோட்டீஸ்கூட ஒட்டவில்லை. முதல் சம்பளம் வந்ததும் எல்லாரையும் வண்டியூர் மாரியம்மனுக்குக் கூட்டிப்போய்ப் பொங்கல் வைத்தேனே, அதுதான் அவனுக்கு விளம்பரம். முதல் காசைச் சாமிக்குச் செய்வது நம் வழக்கம். அதையும் பெருமைக்காகச் செய்தேன். சாப்பிட்ட கை காய்வதற்குள், கம்பெனி எங்கே இருக்கிறது, நாங்களும் சேரலாமா என்று கேட்டார்கள்.

உங்களிடமும் மறைத்த ஒன்று இருக்கிறது. ஆள் சேர்த்ததற்குத் தலைக்கு முந்நூறு என் போனுக்கு அனுப்பினார்கள். தமிழ்வாணியின் கொலுசு அந்தப் பணத்தில் வாங்கியது. பிள்ளை காலை ஆட்டிக் காட்டியதை வீடியோ காலில் பார்த்து, "ஒஞ் சம்பாத்தியம்டி" என்று பூரித்தீர்கள். நானும் சிரித்தேன். நினைத்தால் கூசுகிறது.

நேற்று கோர்ட்டில் இருக்கும் இலவசச் சட்ட உதவி மையத்துக்கு எல்லாரும் போனோம். சேர்த்துவிட்டது யார் என்று வக்கீலம்மா கேட்டார். கம்மலை அடகு வைத்துக் கட்டிய எதிர்வீட்டு அன்னக்கொடி அக்கா முந்திக்கொண்டு, "யாரும் சேக்கலம்மா, நாங்களாத்தேன் போனோம்" என்றார். என்னையும் ஏமாந்தவள் என்றே நினைக்கிறார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கம்பெனிக்காரர்கள் பணம் அனுப்பிய கணக்கு விவரம் ஒன்று கிடைத்தாலும் ஆளைப் பிடிக்க வழி உண்டாம். மற்றவர்கள் ரொக்கமாகவே கட்டியதால், அது என் போனில் மட்டும்தான் இருக்கிறது. திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்து, கமிஷன் வாங்கியது நான்தான் என்று கையெழுத்துப் போடப்போகிறேன். கொலுசை விற்று அக்கா கம்மலையும் மீட்டுக் கொடுத்துவிடுவேன். தெருவில் உங்கள் பெயரும் சேர்ந்துதான் அடிபடும், மன்னியுங்கள்.

எண்ணெய் தெறித்த கைக்கு மறக்காமல் மருந்து போடுங்கள். கோபம் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாமல் இருந்துவிடாதீர்கள். கூப்பிட்டால், பிள்ளையைக் காலை ஆட்டிக் காட்டச் சொல்லாதீர்கள்.

உங்கள் முகம் பார்க்கக் கூசும்,
பாண்டீஸ்வரி