பாலம் முடிவதற்குள் பாஞ்சாலி எழுதிய பரீட்சை

சேசு மரி சூசை துணை

அரூர் வழி
21-2-1988

அன்பு மகள் ராஜமேரிக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் நானும் அப்பாவும் மாடு கன்றும் சுகமாக இருக்கிறோம், நாக்பூர் குளிர் உன்னை என்ன பாடு படுத்துகிறதோ என்றுதான் இங்கே தினமும் பேச்சு. நைட் டியூட்டிக்குப் போகும்போது காதை மூடிக் கட்டிக்கொண்டு போ. அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, பீடியை விட்டதால்தான் என்று சொல்லிக்கொள்கிறார், எங்கே விட்டார், கொல்லைப் பக்கம் போய்க் குடிக்கிறார்.

ஆற்றுப்பாலம் என்ன ஆனது என்று கேட்டிருந்தாய். முடிந்துவிட்டது அம்மா, பஸ் இப்போது நம் கரைக்கே வருகிறது. நீ போகும்போது கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தார்கள் இல்லையா, அதிலிருந்து மதலைமுத்து சார் தன் நாலாம் வகுப்புப் பிள்ளைகளை வெள்ளிக்கிழமைதோறும் ஆற்றுக்கு அழைத்துப்போய்க் காட்டினார். திரும்பி வந்ததும் பள்ளிக்கூடத்துப் பின்சுவரில் அன்றைக்கு எழும்பிய மட்டும் பாலத்தைக் கரியால் வரைவார்கள். என் சத்துணவுக் கூடத்துக்கு நேர் எதிரே அந்தச் சுவர், சோறு வடிக்கும்போதெல்லாம் நானும் பார்ப்பேன். ஐப்பசி வெள்ளத்தில் சாரம் அடித்துக்கொண்டு போனபோது அதையும் அழித்துவிட்டுத் திரும்ப வரைந்தார்கள்.

அப்படிப் போய்வந்ததில் ஒருநாள் ஒரு பெண்பிள்ளை அவர்கள் பின்னாலேயே வந்துவிட்டது. பாஞ்சாலி என்று பெயர், பத்துப் பதினோரு வயது இருக்கும். அப்பன் கோவிந்தன் பாலத்துக்குக் கம்பி கட்டுகிறவர், ஆத்தாள் குள்ளம்மாள் ஜல்லி சுமக்கிறவள், ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்கு பேசுகிற சனம், எங்கே வேலையோ அங்கே குடிசை. சோற்றுக்கு வந்தவள் பாடத்துக்கும் உட்கார்ந்துகொண்டாள். எத்தனாவது படித்தாய் என்று கேட்டேன், ஒண்ணாவதுங்க, நாலு ஊர்ல ஒண்ணாவதுங்க என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம்தான் விஷயம் புரிந்தது. சர்டிபிகேட் வாங்காமலே ஊர் ஊராகப் போய்விடுவதால் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் மறுபடி முதல் வகுப்பில் உட்கார்த்திவிடுகிறார்கள். வாசிக்கவிட்டுப் பார்த்தால் தடுமாறாமல் வாசிக்கிறாள், சார் நாலாம் வகுப்பிலேயே சேர்த்துக்கொண்டார்.

தூண்களுக்கு மேலே தளம் போட ஆரம்பித்ததும் பிள்ளைகள் சுவரில் வரைவதை நிறுத்திவிட்டார்கள். பாலம் முடிந்தால் பாஞ்சாலி போய்விடுவாள் என்று அவர்களுக்குத்தான் முதலில் உறைத்திருக்கிறது. நம் காளியப்பன் மகனும் இன்னும் இரண்டு பேரும் நேரே என்ஜினியரிடம் போய், இன்னொரு தூணு சேத்துக் கட்டுங்க சார் என்று கேட்டார்களாம். ஆறு அவ்ளோதாண்டா அகலம் என்று அவர் சிரித்து அனுப்பிவிட்டாராம்.

நான் குள்ளம்மாளிடம் போய், முழுப் பரீட்சை வரைக்கும் புள்ளைய எங்க வூட்ல வுட்டுட்டுப் போ, ராஜமேரி கட்டில் சும்மாதான கெடக்குது என்று கேட்டேன். கோபித்துக்கொள்ளாதே, உன்னைக் கேட்காமல்தான் கேட்டேன். அவள் ஜல்லிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, எத்தனையோ பள்ளிக்கூடத்த வுட்டுட்டு வந்திருக்கறங்க, புள்ளைய வுட்டுட்டு ஒரு ஊருக்கும் போனதில்லிங்க என்றாள். உன்னை ரயிலேற்றிவிட்டு வந்தவள் நான், அந்தச் சட்டியை அவள் தலையில் தூக்கிவிட்டுத் திரும்பி வந்தேன்.

அதனால் வேறு வழி பார்த்தோம். தேறினாள் என்று சர்டிபிகேட் கொடுத்து அனுப்பலாம் என்றால், பரீட்சை எழுதாத புள்ளைக்கு எப்படிம்மா போடறது என்று ஹெட்மாஸ்டர் கையை விரித்தார். அவர் சொல்வதும் நியாயம்தான். அப்படின்னா அவளுக்கு மட்டும் முன்னாடியே பரீட்சை வைங்க சார் என்றேன். அவருக்கு மனசில்லாமல் இல்லை, அரூருக்குப் போய் அதிகாரியைப் பார்த்து அனுமதி வாங்கி வந்தார். அங்கே கைப்பிடிச் சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள், இங்கே பாஞ்சாலி தனியாக உட்கார்ந்து பரீட்சை எழுதுகிறாள். அவள் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் வெளியே புளியமரத்தடியில் ஒரு சத்தமில்லாமல் காத்துக்கிடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு கணக்கு தப்பு என்று அழுதுகொண்டே வந்தாள், அது ஒன்றுதான் தப்பு, மற்றதெல்லாம் சரி. ஐந்தாம் வகுப்புக்குத் தகுதி என்று எழுதின சர்டிபிகேட்டைக் குள்ளம்மாள் முந்தானையில் சுற்றி வைத்துக்கொண்டாள், படிக்கத் தெரியாது அவளுக்கு, எந்தப் பக்கம் மேலே என்று என்னைக் கேட்டுக்கொண்டாள்.

திறப்பு விழாவன்று பெரியவர்கள் கார் வரும்போது தூவுவதற்கென்று பிள்ளைகளைத் தட்டில் சாமந்தியோடு காலையிலேயே பாலத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கார் வருவதற்கு முன்னால் சட்டி பானை, கோழிக்கூடை, சனம் எல்லாம் ஏற்றிக்கொண்டு கூலிக்காரர்கள் லாரி வந்தது. கோவிந்தன் பாலத்து முனையில் லாரியை நிறுத்தச் சொல்லி மகளை இறக்கிவிட்டு, நடந்து வா கண்ணு, அந்தாண்ட ஏறிக்கலாம் என்றார். அவள் நடக்க நடக்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த பூவெல்லாம் அவள் தலைமேல் விழுந்தது, ஒருத்தரும் சொல்லிக்கொடுக்கவில்லை. காருக்குத் தூவ ஒரு இதழ் மிச்சமில்லை. ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்து முறைத்தார், நான் சோறு பொங்குதுங்க சார் என்று கூடத்துக்கு வந்துவிட்டேன், வந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

நேற்று செங்கம் பக்கத்திலிருந்து மதலைமுத்து சாருக்கு ஒரு கார்டு வந்தது, பாஞ்சாலியே எழுதியிருக்கிறாள். இங்கே ஏரிக்கு மதகு கட்டுகிறார்கள், என்னை ஐந்தாவதில் உட்கார வைத்தார்கள், சாம்பார் உங்கள் ஊர் மாதிரி இல்லை என்று. சார் வகுப்பில் சத்தமாக வாசித்தார், பிள்ளைகள் மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னார்களாம்.

ஈஸ்டருக்கு லீவு கிடைக்குமா என்று உடனே எழுது, மொரப்பூர் ஸ்டேஷனுக்கு அப்பா வந்து நிற்பார். தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே, வேளைக்குச் சாப்பிடு. மாதா உன் கூடவே இருந்து காப்பாற்றட்டும்.

ஆசை முத்தங்களுடன்
உன் அம்மா
லூர்துமேரி