ஜூலையில் பதிப்பு கிடையாது

ஸ்ஃபாக்ஸ், துனிசியா,
ஞாயிறு காலை

என் கண்ணான தம்பி நௌஃபலுக்கு, அக்கா ஹயாத்தின் ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். மொன்ட்ரியல் பனியில் நீ உறையாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய். அதனால் ஹரிஸா மிளகாய் விழுது ஜாடியோடு இதையும் அனுப்புகிறேன். ஜூலையில் என் மகள் இன்ஸாஃபின் கல்யாணத்துக்கு வருகிறாயா, இல்லையா? பதில் சொல்லாமல் நழுவுகிறாயே, இனி முடியாது.

நேற்று நம் வீட்டில் உங்கள் மென்பொருள் குழு கூடியபோது, உன் இணைப்பு அறுந்த பிறகு நடந்ததைக் கேள். தேதி முடிவாகிவிட்டது, தம்பி! உங்கள் எண்ணெய் ஆலை மென்பொருளுக்குப் புதிய பதிப்பு இனி மார்ச்சில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. நடுவில் மூச்! ஆலிவ் அறுவடையின்போது யாரும் கை வைக்கக்கூடாது. போன டிசம்பரில் அவசரமாக வெளியிட்டு, ஆலைகளில் விவசாயிகளின் முறை வரிசை தலைகீழாகி, மூட்டைமேல் ஏறி நின்று ஆட்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டது போதாதா? இலவசமாகக் கொடுத்தும் இவ்வளவு திட்டு வாங்கியவர்கள் நீங்கள்தான்.

எல்லாம் இன்ஸாஃப் வேலை. “மாமா பதிப்பு விடுறது லுவாஜ் வாடகை வண்டி மாதிரி. எட்டு சீட்டும் ரொம்பினாத்தான் கிளப்புவாரு. ஒம்பதாவது ஆள் வந்தா மடியில உக்கார வைப்பாரு. நமக்கு ரயில் வேணும். நேரமானா கிளம்பிடணும், வராதவங்க அடுத்ததுல வரட்டும்” என்றாள். நான் கை தட்டப் போய் மக்ரூத் இனிப்புத் தட்டு தரையில்!

நீ எழுதிக்கொண்டிருக்கும் ரசீது அச்சிடும் பகுதி என்னாவது என்று ஒருவன் கேட்டான். “முடியலன்னா மாமா சாமானும் அடுத்த ரயில்லதான்” என்றாள். சொந்த மாமன் என்றும் பார்க்கவில்லை! எல்லோரும் கை தூக்கினார்கள். எனக்கு ஓட்டு இல்லை. ஆனாலும் இரண்டு கையையும் தூக்கினேன்.

“இந்தப் பதிப்பு வெளியாகட்டும், வர்றேன்க்கா” என்று எத்தனை பெருநாளை ஓட்டினாய்! ஜூலையில் பதிப்பே கிடையாது. இனி என்ன சொல்வாய்?

உண்மைக் காரணம், அப்பா போனபின் அவர் அறையில் காலியாய்க் கிடக்கும் நாற்காலி என்றால், நானும் அந்த அறைக்குள் போவதில்லை, தம்பி. வா, இருவருமாகக் கதவைத் திறப்போம். அல்லாஹ் உன்னைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும்
அக்கா ஹயாத்