உன் தங்கை வீட்டில் சாப்பிட்டுவிட்டேன்

என் அருமை மாப்ள முத்தையாவுக்கு,

நீ போய் இன்றோடு ஒன்பது நாள். வேம்பாற்றில் ஒரு சத்திரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. எதிர்ச் சுவரோரம் சைக்கிள் நிற்கிறது. ஆமாம், உன்னுடையதுதான். என் வண்டியின் டயர் போய்விட்டது. இந்த யுத்த காலத்தில் புது டயருக்கு யார் வாசலில் போய் நிற்பது? நீ இருந்திருந்தால் உன் வண்டியைத் தொட விட்டிருக்க மாட்டாய்.

இராமநாதபுரத்தில் தொடங்கி தூத்துக்குடிவரை கடலை விடாமல் சைக்கிளிலேயே போவதென்று எத்தனை வருஷமாய்ப் பேசினோம்? சனிக்கிழமைகளில் திருப்பரங்குன்றம் போய்வந்ததையே பெரிய யாத்திரை மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்த ஆட்கள் நாம். உன்னைத் தத்தனேரியில் எரித்துவிட்டு வந்து, ஆபீசில் லீவு கேட்டேன். எதற்கு என்று பெரியவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கும் தெரியாது.

கிளம்பி இன்று மூன்றாம் நாள். ரோடு எப்படி என்றுதானே முதலில் கேட்பாய்? ரோடு என்று சொல்வதே அதிகம். ஏர்வாடி தாண்டியதிலிருந்து மணல்தான். இறங்கித் தள்ளினேன், ஏறினேன், மறுபடி இறங்கினேன். வலது பக்கம் உடைமரம், இடது பக்கம் கடல். கடலைப் பார்த்தால் மனசு லேசாகிவிடும் என்பாய். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நிறையத் தண்ணீர் இருந்தது, அவ்வளவுதான்.

நீ செத்த நாளிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன். பசிக்கிறது, தூக்கம் வருகிறது, அழுகை மட்டும் வரவில்லை. உனக்குக் கொள்ளி வைக்க உசிலம்பட்டியிலிருந்து வந்தானே உன் சித்தப்பா மகன், அவன்கூட என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். இருபது வருஷச் சிநேகிதம் இம்புட்டுத்தானா என்று நினைத்திருப்பான். நினைத்தால் நினைக்கட்டும்.

நான் சொல்ல வந்தது உன் தங்கை செல்லம்மாளைப் பற்றி. அவளிடம் துக்கம் கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் இன்று வழியில் அவள் ஊரில் இறங்கினேன். உனக்குக் காய்ச்சல் முற்றி மூச்சு நின்ற அன்றைக்கே அவளுக்குத் தந்தி கொடுத்தவன் நான்தான். எடுப்பதற்குள் அவள் வந்து சேரவில்லை. பிறகும் வரவில்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இந்த மணலில் எப்படிக் கிளம்புவாள் என்று நாங்களே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

துக்க வீட்டில் யாரும் வாங்க என்று சொல்வதில்லை. நாமாகப் போய்ப் பேசாமல் உட்கார வேண்டும். அந்த நினைப்பில் தலையைக் குனிந்துகொண்டு வண்டியை நிறுத்துகிறேன். இடுப்பில் பிள்ளையோடு செல்லம்மாள் வெளியே வந்தாள்.

“வாங்கண்ணே, வாங்க” என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

ஹேண்டில்பாரை விட எனக்குக் கை வரவில்லை. நான் கொடுத்த தந்தி எங்கேயோ தங்கிவிட்டது. அவளுக்குத் தெரியாது.

“அண்ணன் வண்டியில வந்திருக்கீக. அது எதுல வருது? பின்னாடி நடந்து வருதா?”

“அவனுக்கு லீவு கிடைக்கல, தாயி” என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாயில் அதுதான் வந்தது.

“லெட்டர் போட்டு எம்புட்டு நாளாச்சு. வரட்டும், இருக்கு அதுக்கு.”

அவள் புருஷன் உப்பள வேலையாகத் தூத்துக்குடி போயிருக்கிறார், நாளை மறுநாள்தான் வருவாராம். இலை போட்டாள். மீன் குழம்பு. இரண்டாவது தடவையும் சோறு வாங்கிப் போட்டுக்கொண்டேன், மாப்ள. ருசியாகவும் இருந்தது. நான் என்ன ஜென்மம்?

பரிமாறிக்கொண்டே உன் பேச்சுத்தான். உங்கள் அம்மா போன பிறகு நீதான் அவளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்புவாயாமே. ஒருநாளும் வகிடு நேராக இருந்ததில்லையாம். “கேட்டா, உன் மண்டைதான் கோணல்னு சொல்லும்ணே” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். இதை ஏன் என்னிடம் சொன்னதே இல்லை நீ?

பிறகு பிள்ளையை என் மடியில் விட்டுவிட்டுச் சொன்னாள்: “தை பொறந்ததும் இவளுக்குக் காது குத்தணும். மாமன் மடியில வச்சுத்தான் குத்துவேன். எந்தத் தேதி தோதுப்படும்னு அண்ணங்கிட்ட கேட்டுச் சொல்லுங்க. எனக்குன்னு அது ஒண்ணுதான இருக்கு.”

“கேக்குறேன்.”

“வந்துருமா?”

“வருவான்” என்றேன்.

தனியாக இருக்கிறாள், புருஷன் வரட்டும், அப்புறம் சொல்லலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பொய். அந்த வீட்டில் நீ இன்னும் சாகவில்லை. லீவு கிடைக்காமல் மதுரையில் இருந்தாய், லெட்டர் போடாததற்குத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாய். எனக்கு அதைவிட்டு எழுந்திருக்க மனசில்லை. எழுந்தபோதும் வழக்கம்போல “போயிட்டு வாரேன், தாயி” என்றுதான் சொன்னேன்.

எட்டு மைல் வந்துவிட்டேன். அதற்கு மேல் பெடலை மிதிக்க முடியவில்லை. இப்போது அவள் எந்தச் சேலை கட்டிக்கொண்டு விசேஷத்தில் நிற்பது என்று யோசித்துக்கொண்டிருப்பாளோ? பக்கத்து வீட்டில் சொல்லியிருப்பாளோ, எங்க அண்ணன் தையில வருது என்று?

தூத்துக்குடி எங்கேயும் ஓடிவிடாது. விடிந்ததும் வந்த வழியே திரும்புகிறேன். பக்கத்து வீட்டுப் பெண்களை முதலில் கூப்பிட்டு நிறுத்திவிட்டு, வாசலிலேயே சொல்லிவிடுவேன். நேற்று என் கையால் சாப்பிட்டபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். அவள் புருஷன் வந்து சேரும்வரை அங்கிருந்து நகர மாட்டேன். அவள் அழும்போது எனக்கும் அழுகை வருமோ என்னவோ.

தேதி கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன், மாப்ள. பதில் வராது என்பதை நாளைக்கு நானே அவளிடம் சொல்லிவிடுகிறேன்.

செல்லம்மாள் அண்ணே என்று கூப்பிடுகிற,
உன் மாப்ள
சோமு