தூங்கி எழுந்த கழுதையின் உதை

மார்ச் 3, செவ்வாய்

கழுதை இன்றும் உதைக்கவில்லை. பின்னங்காலைத் தூக்கியது, அப்படியே நடுங்கிக்கொண்டு நின்றது. நாத்தனார் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “அண்ணி, இது உதைக்குதா, இல்ல கரண்ட் அடிச்சிருச்சா?” என்றாள்.

கழுதையை வரைந்து அசைய வைப்பது அவள் வேலை. எந்த அசைவு எப்போது தொடங்க வேண்டும் என்று கோட் எழுதுவது என் வேலை. ஆக, நடுக்கம் என் தலையில்.

எங்கள் கேம் கம்பெனி மொத்தம் இரண்டு பேர், ஒரு மேசை. என் கணவரின் பல் கிளினிக்குக்குப் பின்னால் இருக்கும் அறை. சுவருக்கு அந்தப் பக்கம் எப்போதும் டிரில் சத்தம். கழுதையின் கத்தல்கூட அவர் குரல்தான். இரண்டே டேக்கில் கொடுத்தார், இதற்கென்றே பிறந்தவர் போல.

மார்ச் 4, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்! பட்டனை அழுத்தியிருக்கும் வரை நொடிக்கு அறுபது முறை “உதை, உதை” என்று கட்டளை போயிருக்கிறது. ஒவ்வொரு கட்டளைக்கும் முதலிலிருந்து தொடங்கச் சொன்னால் அது பாவம் எப்போது உதைத்து முடிக்கும்? அழுத்தும் கணத்தில் மட்டும் ஒரு டிரிகர், அதாவது ஒரே ஒரு கட்டளை என்று மாற்றினேன். முழு உதை. கண்கொள்ளாக் காட்சி.

மார்ச் 6, வெள்ளி

வேறு ஊரில் ஒரு கார்ட்டூன் கம்பெனி நாத்தனாரைக் கூப்பிட்டிருக்கிறது. இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

“நீங்க என்ன சொல்றீங்க அண்ணி?”

“நல்ல சான்ஸ்தானே. போ.”

ஏன் அப்படிச் சொன்னேன்? திரையைவிட்டுக் கண்ணைக்கூட எடுக்கவில்லை. அவள் போய்விட்டால் இந்த அறையில் நானும் டிரில் சத்தமும்தான். அதைச் சொல்ல வேண்டியதுதானே? வாய் இல்லையா எனக்கு?

மார்ச் 9, திங்கள்

புதுத் தலைவலி. கழுதை தூங்கும்போது நாத்தனார் விளையாட்டாக உதை பட்டனை ஏழெட்டுத் தடவை அழுத்தியிருக்கிறாள். ஒன்றும் நடக்கவில்லை. கழுதை எழுந்தது, சோம்பல் முறித்தது. கேமில் வரும் தோட்டக்காரர் பாசத்தோடு புல்கட்டைக் கொண்டுவந்து நீட்டினார். விட்டது பாருங்கள் ஒரு உதை! மனிதர் புல்லோடு வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தார்.

காரணம் சாதாரணமானது. டிரிகரை ஒருமுறை தட்டினால் அது உள்ளேயே காத்திருக்கும். தூக்கத்திலிருந்து நேராக உதைக்கப் போக வழி வைக்கவில்லை. சோம்பல் முறித்து நின்றதும் வழி திறக்கிறது, பழைய உதை வெளியே வருகிறது. எத்தனை முறை தட்டினாலும் ஒரே உதைதான்.

“மனசுல வெச்சிருந்து உதைக்குதே அண்ணி!” விக்கல் வரும் வரை சிரித்தாள்.

“இது தப்பு. இதுல சிரிக்க என்ன இருக்கு?” என்றேன்.

“உங்களுக்கு எதுலதான் சிரிப்பு இருக்கு?” என்றாள்.

பதினோரு வருடம் பேங்க் சாஃப்ட்வேர் எழுதியவள் நான். தப்பைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அது ஒரு குற்றமா?

மார்ச் 10, செவ்வாய்

பேச்சுவார்த்தை இல்லை. ஒரே மேசை. ஸ்டேப்ளர் வேண்டுமென்றால்கூட மெயில் வருகிறது.

மார்ச் 12, வியாழன்

தூங்கப் போகும்போதும் எழும்போதும் டிரிகரை அழித்துவிட ஒரு வரி. சுத்தம். கழுதை இனி யாரையும் மனதில் வைத்துக்கொள்ளாது. அவளிடம் சொல்லவில்லை. அவள்தான் பேசுவதில்லையே.

மார்ச் 16, திங்கள்

கேம்களை வெளியிடுகிறவர் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கழுதை தூங்கியதுமே உதை பட்டனைத் தட்டோ தட்டென்று தட்டினார். கழுதை எழுந்தது. தோட்டக்காரர் வந்தார். புல்லைத் தின்றது. அவ்வளவுதான்.

“எழுந்ததும் உதைக்கும்னு இவங்க போன்ல சொன்னாங்களே மேடம்? அதைப் பார்க்கத்தான் வந்தேன்.”

நாத்தனார் என்னைப் பார்த்தாள். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. வந்தவர் கொட்டாவி விட்டார். எங்கள் கழுதையின் கொட்டாவியைவிட நன்றாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து அவர் கடித்த பிஸ்கட் ஒரு பல்லைப் பெயர்த்தது! கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அலறினார். கணவர் ஓடி வந்து கையோடு அழைத்துப் போனார். “வாயை நல்லா திறங்க” என்று சுவருக்கு அப்பாலிருந்து கேட்டது. எனக்கு இருபது நிமிடம் கிடைத்தது. அந்த வரியை அழித்தேன். நாத்தனார் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

திரும்பி வந்தவருக்குப் பாதி முகம் மரத்துப் போயிருந்தது. தட்டினார். கழுதை எழுந்தது. தோட்டக்காரர் பறந்தார். மனிதர் மீதிப் பாதி முகத்தால் சிரித்தார், எச்சில் வழிய வழிய. பேச வரவில்லை. மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: “கழுதையை மாற்ற வேண்டாம். கேமை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். வலி மாத்திரை எத்தனை வேளை?”

மார்ச் 17, செவ்வாய்

“அப்போ என் தங்கச்சி போகலையா?” என்று கணவர் கேட்டார்.

“தெரியலை. நீங்க கேளுங்களேன்.”

“போன்னு சொன்னது நீ. நான் எதுக்குக் கேக்கணும்?”

நியாயம்தான். பல்லைப் பிடுங்குகிறவருக்கு இவ்வளவு நியாயம் ஆகாது.

மார்ச் 18, புதன்

நாளைக்குக் கேட்கிறேன். நேற்றும் இதையேதான் நினைத்தேன்.

மார்ச் 19, வியாழன்

காய்கறிக் கடை. எனக்கு முன்னால் இரண்டு பேர், பின்னால் நான்கு பேர். நாத்தனார் கூடையைப் பிடித்துக்கொண்டு, “வெங்காயம் அரைக்கிலோ போதுமா அண்ணி?” என்று கேட்டாள்.

“போகாதே,” என்றேன். “அன்னைக்கு நான் போன்னு சொன்னது சுத்தப் பொய். நீ இல்லாம எனக்கு அந்த ரூம்ல உக்காரவே பிடிக்காது. நீ சிரிச்சா எனக்கும் சிரிப்பு வரும், நான்தான் காட்டிக்கிறதில்ல.”

கத்திவிட்டேன் போலிருக்கிறது. கடைக்காரர் எடைபோடுவதை நிறுத்திவிட்டார். வரிசை முழுக்க எங்களையே பார்த்தது. என் கையில் ஒரு சுரைக்காய் வேறு.

நான் போகச் சொல்லிப் பதின்மூன்று நாள் ஆகியிருந்தது. அவள் கேட்டாள்:

“என்ன அண்ணி, இப்பதான் எழுந்தீங்களா?”

நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. “அரையா ஒண்ணா, சொல்லுங்கம்மா” என்றார் கடைக்காரர்.

மார்ச் 20, வெள்ளி

கார்ட்டூன் கம்பெனிக்குக் காலையிலேயே மெயில் போட்டுவிட்டாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.

மதியம் புது அனிமேஷன் ஒன்று வந்தது. தோட்டக்காரருக்குப் பதிலாக ஒரு பெண் கழுதையிடம் புல்லை நீட்டுகிறாள். உதை வாங்கி, கையில் சுரைக்காயோடு வேலியைத் தாண்டிப் பறக்கிறாள். என் கொண்டை, என் மூக்குக்கண்ணாடி. ஃபைலுக்குப் பெயர் “அண்ணி பறக்கிறார்”.

டிரிகர் எழுதிவிட்டேன். முதல் தடவையிலேயே சரியாக வந்தது. இதுவரை நாற்பது முறை பறந்திருப்பேன்.